வைரஸ் என்று நான் அழித்தது

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் என்பது எங்கள் தெருவுக்கே தெரியும். கும்பகோணத்துக்கும் மன்னார்குடிக்கும் நடுவே, பதிவு அலுவலகம் இருக்கிற ஒரு சின்ன ஊரில் இருபத்தெட்டு வருடமாகப் பத்திரம் எழுதுகிறேன். கடை என்று சொன்னால் பத்துக்குப் பன்னிரண்டு அறை, ஒரு மேஜை, ஒரு பெஞ்சு, ஒரே ஒரு கம்ப்யூட்டர். எங்கள் தெருவில் அதை மெஷின் என்றுதான் சொல்வோம். அதில் அடிப்பதற்கு ஒரு டைப்பிஸ்ட் அம்மா இருக்கிறார். பதினெட்டு வருடமாக என் கத்தலைக் கேட்டுக்கொண்டு என்னிடமே வேலை பார்க்கிறார் என்பதே அவர் பொறுமைக்குச் சான்று. தமிழ் டைப்ரைட்டிங்கில் ஹையர் பாஸ் செய்தவர். விரல்கள் பாட்டுக்கு அடித்துக்கொண்டிருக்கும், கண் வாசலில் போகிற பஸ்ஸைப் பார்த்துக்கொண்டிருக்கும். ஒரு எழுத்து பிசகாது.

அன்று முகூர்த்த நாள். எங்கள் பக்கம் கல்யாணத்துக்கு மட்டுமல்ல, கிரையத்துக்கும் முகூர்த்தம் பார்ப்பார்கள். அப்படிப்பட்ட நாளில் தெருவில் சைக்கிள் நிறுத்த இடம் இருக்காது. எல்லாக் கடையிலும் பெஞ்சு நிரம்பி, ஆட்கள் வாசலில் நிற்பார்கள். எனக்கு அன்று ஒரே ஒரு பத்திரம்தான், பதினொன்றரை மணிக்கு டோக்கன். ஆனால் அந்த ஒன்று, தவறவிட முடியாத ஒன்று.

வாங்குகிறவர் பக்கத்துக் கிராமத்துப் பெண்மணி. நாற்பத்தைந்து வயது இருக்கும். அவருடைய அப்பாவும் அம்மாவும் அவர் வாங்குகிற நிலத்தில் கூலிக்கு உழைத்தவர்கள். அவரும் பாவாடை கட்டிய வயதிலேயே அதில் நாற்றுப் பறித்தவர். பிறகு வேறு ஒருவர் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துப் பயிர் செய்து, பெரிய மகளை நர்ஸ் படிக்க வைத்து, இப்போது அதே நிலத்தில் மூன்று மாவை, அதாவது ஓர் ஏக்கரை, தன் பெயருக்கு வாங்குகிறார். அவர் குடும்பத்தில் யார் பெயரிலும் இதற்கு முன் ஒரு சென்ட் நிலம் இருந்ததில்லை.

விற்கிறவர் வெளிநாட்டில் இருக்கிறார். பத்து நாள் விடுப்பில் வந்தவருக்கு அன்று ராத்திரி திருச்சியிலிருந்து விமானம். ஒரு மணிக்கு ஊரைவிட்டுக் கிளம்பியாக வேண்டும். அவருடைய பங்காளி ஒருவருக்கு இந்த விற்பனை பிடிக்கவில்லை. 'நம்ம நெலத்த அவங்களுக்கா குடுப்ப?' என்று தினமும் வந்து ஓதிக்கொண்டிருந்தார். அன்று பதிவாகாமல் விமானம் ஏறிவிட்டால், அடுத்த விடுப்புக்குள் பங்காளி அவர் மனசைக் கரைத்துவிடுவார். இது எனக்கும் தெரியும், அந்தப் பெண்மணிக்கும் தெரியும்.

பத்திரம் முதல் நாள் மாலையே அடித்து முடிந்திருந்தது. காலையில் முத்திரைத்தாளில் பிரிண்ட் எடுக்க வேண்டியது மட்டும்தான் பாக்கி. அந்த மாலையில் அந்தப் பெண்மணி மேஜை ஓரம் நின்றுகொண்டு, "ஒரு தடவ படிச்சுப் பாக்கலாமாங்க?" என்று கேட்டார்.

"அதெல்லாம் நாளைக்குப் பிரிண்ட் எடுத்ததும் பாத்துக்கலாம்மா. கையெழுத்துப் போடத் தெரியும்ல?" என்றேன்.

"பத்தாவது வரைக்கும் படிச்சிருக்கேங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். எனக்கு அப்போது உறைக்கவில்லை.

அவர் போன பிறகு, சும்மா இருக்காமல், நான் அந்த வேலையைச் செய்தேன்.

இரண்டு வாரமாகவே மெஷின் மெதுவாக இருந்தது. வீடியோக்களைப் பார்த்துப் பார்த்து எனக்கும் கம்ப்யூட்டர் தெரியும் என்று ஒரு நினைப்பு வளர்ந்துவிட்டது. வைரஸைக் கண்டுபிடிக்கிற புரோகிராம் ஒன்றை இறக்கி ஓடவிட்டேன். அரைமணி நேரம் உருட்டிவிட்டு, சிவப்புக் கட்டத்துக்குள் ஒரு எச்சரிக்கையைக் காட்டியது. நீங்கள் தட்டுகிற ஒவ்வொரு விசையையும் ஒரு புரோகிராம் கவனித்துக்கொண்டிருக்கிறது, உடனே நீக்கவும் என்றது. கண்டுபிடிப்பது இலவசம், நீக்குவதற்குக் கட்டணம் என்று கீழே சின்ன எழுத்தில் இருந்தது.

நாங்கள் அடிப்பது என்ன, ஊர் ஜனத்தின் சொத்து விவரம், ஆதார் எண், பட்டா எண். இத்தனையும் எவனோ பார்த்துக்கொண்டிருக்கிறான் என்றால்? அது காட்டிய ஃபோல்டரைத் தேடிப் பிடித்தேன். உள்ளே வாயில் நுழையாத பெயர்களில் நாற்பது ஃபைல்கள். ஒவ்வொன்றும் திருட்டு முழி முழிப்பதாகத் தோன்றியது. மொத்தமாகத் தேர்ந்தெடுத்து, குப்பைத்தொட்டிக்குக்கூடப் போகாதபடி ஷிப்ட்டையும் சேர்த்து அழுத்தி அழித்தேன். இரண்டு ஃபைல்கள் போக மறுத்தன. அவற்றின் பெயரை மாற்றி, மெஷினை ஒருமுறை அணைத்துப் போட்டு, எப்படியோ அவற்றையும் தீர்த்துக் கட்டினேன். மனசுக்கு ரொம்பத் திருப்தியாக இருந்தது.

திருப்தியோடு நிறுத்தியிருக்கலாம். யார் கொண்டுவந்து விட்டது என்று ஒரு ஆள் வேண்டுமே. போன வாரம் டைப்பிஸ்ட் அம்மா தன் மகளுடைய ஹால் டிக்கெட்டைப் பிரிண்ட் எடுக்க ஒரு பென் டிரைவ் கொண்டுவந்திருந்தார். அது மேஜை மேலேயே கிடந்தது.

"கண்ட கண்ட எடத்துல செருகினத இங்க கொண்டாந்து செருகி, வைரஸ ஏத்திவிட்டிருக்கீங்க! ஊரான் சொத்து விவரம் பூரா இதுல இருக்கு, கொஞ்சமாவது பொறுப்பு வேண்டாமா?" என்று ஆரம்பித்து, கால் மணி நேரம் கத்தினேன். எதிரே ஜெராக்ஸும் கல்யாணப் பத்திரிகையும் அடிக்கிற கடைக்காரர் வெளியே வந்து எட்டிப் பார்த்தார். டீக்கடையில் நின்ற நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். பென் டிரைவைப் பிடுங்கி டிராயருக்குள் போட்டுப் பூட்டினேன். அந்த அம்மா கைப்பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் காலை எட்டரைக்குக் கடையைத் திறந்து மெஷினைப் போட்டேன். திரை வந்தது. பின்னணியில் இருக்கிற பெருமாள் படம் வந்தது. மௌஸை நகர்த்தினேன், அம்பு நகர்ந்தது. பத்திரத்தைத் திறக்கலாம் என்று போவதற்குள் அம்பு நின்றுவிட்டது. பிடித்து வைத்த பிள்ளையார் மாதிரி நடுத்திரையில் அப்படியே நின்றது. கீபோர்டைத் தட்டினால் பதில் இல்லை. கடிகாரம் எட்டு முப்பத்தாறிலேயே நின்றது.

பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்து, மறுபடி போட்டேன். பெருமாள் வந்தார், அம்பு வந்தது, அரை நிமிடம், நின்றது. மறுபடி. மறுபடி. ஆறாவது தடவை பெருமாளைப் பார்க்கவே எரிச்சலாக வந்தது.

பெட்டியைக் கழற்றினேன். ஊதினேன். உள்ளே இருந்து வந்த தூசு, போன குறுவைக்கு முந்தைய குறுவையின் தூசு. மெமரி அட்டையைப் பிடுங்கி, மெக்கானிக் செய்து பார்த்த மாதிரியே அதன் பல்லை அழிரப்பரால் தேய்த்து மறுபடி செருகினேன். மானிட்டரை ஓங்கி ஒரு தட்டுக்கூடத் தட்டினேன். அதனால் மானிட்டருக்கு ஒன்றும் ஆகவில்லை, எனக்குத்தான் கை வலித்தது.

ஒன்பது மணிக்கு டைப்பிஸ்ட் அம்மா வந்தார். நான் பெட்டிக்குள் தலையை விட்டுக்கொண்டு நிற்பதைப் பார்த்துவிட்டு, தன் நாற்காலியில் போய் உட்கார்ந்தார்.

"என்ன சார் ஆச்சு?"

"ம்? உங்க வைரஸ் போட்ட ஆட்டம். நான் வேரோட புடுங்கியும் சாகல."

அவர் வாசலைப் பார்த்துக்கொண்டார்.

ஒன்பதரைக்கு அந்தப் பெண்மணி வந்தார். புதுப் புடவை, தலையில் பூ, கையில் ஒரு மஞ்சள் பை. பெஞ்சில் ஓரமாக உட்கார்ந்தார். திருச்சி ஆஸ்பத்திரியிலிருந்து மகள் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை போன் செய்தாள். ஒவ்வொரு தடவையும் அவர் குரலைத் தாழ்த்தி, "இல்லடா, இன்னும் இல்ல. மெஷின் ரிப்பேராம். ஆயிடும்டா" என்றார். அவர் 'ஆயிடும்' என்று சொல்லும்போதெல்லாம் எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை.

பத்து மணிக்கு விற்கிறவர் காரில் வந்து இறங்கினார். "இன்னும் பிரிண்டே எடுக்கலியா? சார், எனக்கு ஒரு மணிக்கு வண்டி கெளம்பணும். இன்னைக்கு விட்டா அப்பறம் அடுத்த வருஷம்தான்" என்றார். பெண்மணி சட்டென்று எழுந்து நின்றார். விற்கிறவர் உட்கார்ந்த பிறகும் நின்றுகொண்டே இருந்தார்.

மெக்கானிக்கைப் போனில் பிடித்தேன். அவர் நாகப்பட்டினத்தில் மச்சினி கல்யாணத்தில் இருந்தார். போனில் நாதஸ்வரமும் தவிலும் என் காதைக் கிழித்தன.

"ஃப்ரீஸ் ஆவுதா? எதையாச்சும் டெலீட் பண்ணீங்களா சார்?"

"வைரஸ டெலீட் பண்ணேன்."

"என்ன ஃபைல்னு..." என்று அவர் ஆரம்பிக்கும்போது கெட்டிமேளம். ஒரு முழு நிமிடம் கெட்டிமேளம். முன்பின் தெரியாத ஒரு பெண்ணுக்குத் தாலி ஏறுவதை நான் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன். முடிந்ததும் அவர் கத்தினார்: "சார், சேஃப் மோட்ல போங்க! ஆன் பண்ணதும் எஃப் எட்டத் தட்டிக்கிட்டே இருங்க! சாப்புட்டு வந்து பேசறேன்!"

எஃப் எட்டைத் தட்டினேன். மரங்கொத்திகூட அப்படிக் கொத்தியிருக்காது. மூன்றாவது தடவை, கறுப்புத் திரையில் சேஃப் மோட் வந்தது. பெருமாள் இல்லை. நான்கு மூலையிலும் வெள்ளை எழுத்து. மௌஸ் நகர்ந்தது. நகர்ந்துகொண்டே இருந்தது. ஒரு நிமிடம் பார்த்தேன், இரண்டு நிமிடம் பார்த்தேன், நிற்கவில்லை. எனக்குக் கண்ணில் தண்ணீர் வராத குறை.

பத்திரத்தைத் திறந்தேன். ஆறு பக்கமும் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் குப்பையாகக் கொட்டிக் கிடந்தன. தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. வேறொரு பத்திரத்தைத் திறந்தேன், அதே குப்பை. போன வருடத்துப் பத்திரம், அதே குப்பை. வேறு எங்கேயும் நகல் எடுத்து வைக்கிற வழக்கம் எனக்கு இல்லை.

"எல்லாத்தையும் தின்னுடுச்சு. பதினெட்டு வருஷப் பத்திரத்தையும் தின்னுடுச்சு" என்று நாற்காலியில் விழுந்தேன்.

பெண்மணி மஞ்சள் பையை மார்போடு அணைத்துக்கொண்டார். விற்கிறவர், "அப்ப நடக்காதா? பரவால்ல, நீ கவலப்படாத, அடுத்த தடவ வரும்போது பாப்போம்" என்று எழுந்தேவிட்டார். அடுத்த தடவை நடக்காது என்று அந்தப் பெண்மணியின் முகத்திலேயே எழுதியிருந்தது. அவர் என்னைத்தான் பார்த்தார். அந்தப் பார்வைக்கு நான் எங்கே போய் ஒளிவது என்று தெரியவில்லை.

அப்போது டைப்பிஸ்ட் அம்மா நாற்காலியை இழுத்துக்கொண்டு திரை முன்னால் வந்தார்.

"எதுவும் போவல சார். எல்லாம் அப்படியேதான் இருக்கு. ஃபாண்ட்டு மட்டும்தான் இல்ல."

எங்கள் பழைய ஃபாண்ட்டின் சங்கதி இது. வெளியே தெரிவது தமிழ், உள்ளே இருப்பது ஆங்கில எழுத்து. எஃப் விசையைத் தட்டினால் 'க' விழும். ஃபாண்ட் இருக்கிறவரை 'க', போய்விட்டால் வெறும் எஃப். இது எனக்கும் தெரிந்த விஷயம்தான். பதற்றத்தில் மறந்தது என்று சொல்லிக்கொள்கிறேன்.

"இதப் பாத்தா என்ன தெரியுது உங்களுக்கு?" என்று எரிந்து விழுந்தேன்.

அவர் கீபோர்டின் மேல், தட்டாமல், விரல்களை வைத்துக்கொண்டார். திரையில் இருக்கிற ஆங்கில எழுத்தைப் பார்த்தார். விரல் அந்த விசைக்குப் போயிற்று. விரல் போன இடத்திலிருந்து தமிழ் வந்தது.

"கி... ரை... யம். கிரையப் பத்திரம். தஞ்சாவூர்... இல்ல, திருவாரூர் மாவட்டம்..."

முதலில் திக்கித் திக்கி வந்தது. ஒரு பத்தி முடிவதற்குள் சரளமாகிவிட்டது. சில குறிகளை மட்டும் ஊகித்துக்கொண்டார். திரையைக் கண் பார்க்க, காற்றில் விரல் அடிக்க, வாய் பத்திரத்தைப் படித்தது. நான் எழுந்து நின்றுவிட்டேன். கிளம்ப எழுந்த விற்கிறவர்கூட நின்று கேட்டார். பதினெட்டு வருடமாக என் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவரை அன்றுதான் பார்க்கிற மாதிரி இருந்தது.

ஒரு உண்மையை இங்கே சொல்ல வேண்டும். பத்திரத்தை யாரும் வாய்விட்டுப் படிப்பதில்லை. பழைய பத்திரம் ஒன்றைத் திறந்து, பெயரை மாற்றி, எண்ணை மாற்றி, அளவை மாற்றிப் பிரிண்ட் எடுப்போம். விரலால் காட்டிய இடத்தில் கையெழுத்து விழும். இந்தப் பத்திரத்தையும் அப்படித்தான் செய்தோம். அதே குடும்பம் எட்டு வருடம் முன்பு இதற்கு அடுத்த துண்டை விற்றபோது நான்தான் எழுதினேன். அதைத் திறந்து இதை உண்டாக்கினோம். எதை மாற்றுவது என்று குறித்துக் கொடுத்தது நான்.

டைப்பிஸ்ட் அம்மா சொத்து விவரத்துக்கு வந்தார். "நான்கெல்லை. வடக்கே உங்க பங்காளி நஞ்சை. தெற்கே கோயில் நஞ்சை. மேற்கே..."

நான்கையும் படித்துவிட்டு அடுத்த வரிக்குப் போனார்.

"இருங்க" என்றார் பெண்மணி.

எல்லோரும் திரும்பினோம். அவர் அதுவரை ஒரு சொல்லும் சத்தமாகப் பேசவில்லை.

"வாய்க்கா வரலீங்களே?"

"எது?"

"நாலு பக்கமும் வயல்னா தண்ணி எந்தப் பக்கமாங்க வரும்? நம்ம நெலத்துக்குக் கெழக்கால வாய்க்கா இருக்கு. வாய்க்காலேர்ந்து மடை இருக்கு. அந்த மடைய நான் கட்டியிருக்கேன், வெட்டி வுட்டிருக்கேன். நீங்க படிச்சது மேலண்ட வயலுங்க. அது நம்மது இல்ல."

பெயரை மாற்றியிருக்கிறேன், சர்வே உட்பிரிவை மாற்றியிருக்கிறேன், அளவை மாற்றியிருக்கிறேன். நான்கெல்லையை மாற்றக் குறித்துக் கொடுக்கவில்லை. எட்டு வருடம் முன்பு விற்ற துண்டின் எல்லை அப்படியே உட்கார்ந்திருந்தது. மெஷின் காலையில் ஒழுங்காக வேலை செய்திருந்தால், எட்டே முக்காலுக்கு அது முத்திரைத்தாளில் ஏறியிருக்கும். பன்னிரண்டு மணிக்குப் பதிவாகியிருக்கும். கிழக்கே வாய்க்கால் என்ற ஒரு வரி இல்லாமல், மடைக்கு உரிமை என்ற சொல்லே இல்லாமல்.

விற்கிறவர் கடிகாரத்தைப் பார்த்தார். "அதெல்லாம் சர்வே நம்பர்ல அடங்கிடும் சார். எடுங்க, நேரமாவுது."

"அடங்காது" என்றேன். "பங்காளி நாளைக்கு வாய்க்காவ அடைச்சிட்டு, பத்திரத்தக் காட்டுன்னு கேட்டா, இவங்க எதக் காட்டுவாங்க? கோர்ட்டுக்குப் போனா இவங்க பேரப்பிள்ள காலத்துலதான் தண்ணி பாயும். நீங்க அதுக்கா விக்கறீங்க?"

அவர் கடிகாரத்திலிருந்து கண்ணை எடுத்தார். பிறகு உட்கார்ந்தார். "சரி, எழுதுங்க. வாய்க்கா இருக்கறது நெசந்தான்" என்றார்.

மணி பத்து நாற்பது. பத்திரத்தைப் பென் டிரைவில் ஏற்றி, ஃபாண்ட் இருக்கிற எதிர்க்கடை மெஷினில் திருத்தினால் ஐந்து நிமிட வேலை. டிராயரைத் திறந்து அந்த அம்மாவின் பென் டிரைவையே எடுத்துக்கொண்டு ஓடினேன்.

எதிர்க்கடைக்காரர் இரண்டு கையையும் நீட்டித் தடுத்தார். "வைரஸ் வைரஸ்னு நேத்து தெருவுக்கே கேக்கற மாதிரி கத்தினீங்களே சார், இந்தப் பென் டிரைவத்தான? என் மெஷின்ல செருக வுடமாட்டேன். முகூர்த்த நாளு, இருவது பத்திரிக நிக்கிது. வேணும்னா அந்த ஓரத்து மெஷின் சும்மா கெடக்கு, ஒக்காந்து அடிச்சுக்குங்க."

என் வாயாலேயே என் மூக்கு உடைந்தது. ஐந்து நிமிட வேலை ஐம்பது நிமிட வேலை ஆயிற்று. டைப்பிஸ்ட் அம்மா தன் செல்போனில் ஆறு பக்கத்தையும் திரையோடு படம் எடுத்தார். எதிர்க்கடை ஓரத்தில் உட்கார்ந்து, போனைச் சுவரில் சாய்த்து வைத்து, படத்தில் இருக்கிற ஆங்கில எழுத்தை அப்படியே அடிக்க ஆரம்பித்தார். அந்த மெஷினில் அது தமிழாக விழுந்தது. சொத்து விவரம் வந்தபோது நிறுத்தி, பெண்மணியைப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார வைத்தார்.

"நீங்க சொல்லுங்கம்மா, நான் அடிக்கறேன்."

அவர் சொன்னார். நான்கு எல்லையும், மடை இருக்கிற இடமும், மடைக்குப் போகிற வரப்பும். எழுதி வைத்துக்கொண்டு படிக்கிற மாதிரி, ஒரு தடுமாற்றமும் இல்லாமல் சொன்னார். விற்கிறவர் பின்னால் நின்று தலையாட்டினார். அந்த இடத்தில் எனக்கு எந்த வேலையும் இல்லை. இருபத்தெட்டு வருட அனுபவத்தோடு சும்மா நின்றேன்.

பதினொன்று இருபத்தெட்டுக்குக் கடைசிப் பக்கம் பிரிண்டரிலிருந்து வந்தது. நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினேன். ஆன்லைனில் ஏற்றியிருந்த எல்லை விவரத்தை அலுவலகத்திலேயே கேட்டுத் திருத்த வேண்டியிருந்தது. அதற்கு நான் அங்கே எத்தனை பேரிடம் பல்லைக் காட்டினேன் என்பதை எழுத விருப்பமில்லை. பன்னிரண்டு இருபதுக்குப் பதிவு முடிந்தது. பெண்மணி வெளியே வந்து, வேப்பமரத்தடியில் நின்று, போனில் "ஆயிடுச்சுடா" என்றார்.

மத்தியானம் மெக்கானிக் கல்யாணச் சாப்பாட்டை முடித்துவிட்டு அழைத்தார். அவர் சொல்லச் சொல்ல, சேஃப் மோடில், மெஷின் கண் விழிக்கும்போது தானாக ஓடுகிற புரோகிராம்களின் பட்டியலைத் திறந்தேன். வரிசையில் ஒன்று, நான் அழித்த ஃபோல்டரிலிருந்து ஒரு ஃபைலைத் தேடிக்கொண்டிருந்தது. மெஷின் ஒவ்வொரு தடவையும் எழுந்ததும் அதைத் தேடி, காணாமல், அங்கேயே நின்றிருக்கிறது. அதன் பக்கத்தில் இருந்த டிக்கை எடுத்துவிட்டேன். மறுபடி போட்டேன். பெருமாள் வந்தார், அம்பு வந்தது, நிற்கவில்லை. நாள் முழுக்க என்னைச் சாகடித்தது அந்த ஒரு டிக்.

"அந்தப் புரோகிராம் பேரு என்ன சார் போட்டிருக்கு?" என்று டைப்பிஸ்ட் அம்மா கேட்டார்.

படித்தேன்.

அவர் மேஜையின் அடித்தட்டிலிருந்து பழைய சிடி ஒன்றை எடுத்தார். உறையில் அதே பெயர். "நம்ம தமிழ் டைப்பிங் சார் இது. நான் சேந்த வருஷம் நீங்கதான் வாங்கிப் போட்டீங்க. ஃபாண்டும் அதுலதான் இருந்துச்சு."

"அது நாம அடிக்கிறத எல்லாம் பாத்துக்கிட்டு இருக்குன்னு சொல்லுச்சே?"

"நாம அடிக்கிறதப் பாக்காம அது எப்படி சார் தமிழா மாத்தும்?"

வைரஸ் என்று ஒன்று என் மெஷினில் இருக்கவே இல்லை. இருந்த ஒரே கிருமி, ஷிப்ட்டை அழுத்திக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தது. அவர் சிடியைப் போட்டு எல்லாவற்றையும் திரும்ப ஏற்றினார். பத்திரங்கள் ஒவ்வொன்றாகத் தமிழுக்குத் திரும்பின.

சாயந்தரம் தெரு காலியான பிறகு, பென் டிரைவை அவர் முன்னால் வைத்தேன். "தப்பு என்னுதும்மா. மன்னிச்சுக்குங்க" என்றேன். அதைச் சொல்வதற்கு நான் எடுத்துக்கொண்ட நேரத்தில் ஒரு பத்திரமே எழுதியிருக்கலாம்.

அவர் பென் டிரைவைப் பைக்குள் போட்டுக்கொண்டார். "நேத்து தெருவே கேக்கத் திட்டினீங்க சார். இப்ப யாருமே இல்ல" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. "வரேன் சார்" என்று கிளம்பிவிட்டார்.



ஐந்தாம் நாள், பதிவான பத்திரத்தை வாங்க அந்தப் பெண்மணி வந்தார். காலை நேரம், தெரு நிறைய ஆட்கள். பெஞ்சில் வேறு பத்திரத்துக்காக நாலு பேர் இருந்தார்கள். எதிர்க்கடைக்காரர் ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்தார். நான் வாசற்படிக்கு வந்து நின்று, எதிர்க்கடைக்குக் கேட்கிற மாதிரி சொன்னேன்: "அன்னைக்கு என் மெஷின்ல வைரஸ் எதுவும் இல்லீங்க. இந்தம்மா பென் டிரைவுலயும் இல்ல. நல்ல ஃபைல நான்தான் அழிச்சேன். அவங்க இல்லன்னா அந்தப் பத்திரம் ஆயிருக்காது."

எதிர்க்கடைக்காரர் ஷட்டரை அரைவாசியில் விட்டுவிட்டுச் சிரித்தார். டீக்கடையில் யாரோ "நம்ம சாரா இது?" என்றார்கள். டைப்பிஸ்ட் அம்மா அடித்துக்கொண்டிருந்த பத்திரத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. ஆனால் விரல் நின்றிருந்தது.

உள்ளே வந்து பத்திரத்தைப் பெண்மணியிடம் நீட்டினேன். "உக்காருங்க. படிச்சுப் பாருங்க" என்றேன். அவரிடம் என் வாயிலிருந்து வந்த அந்த 'ங்க' எனக்கே புதிதாக இருந்தது.

அவர் பெஞ்சின் நடுவில் உட்கார்ந்தார். பத்திரத்தை வாங்கி, தன் பெயர் இருக்கிற இடத்தைப் பார்த்துவிட்டு, என்னிடமே திருப்பி நீட்டினார்.

"நீங்க படிங்க சார். நான் கேக்கறேன்."

நாலு பேர் காத்திருந்தார்கள். நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதல் வரியிலிருந்து வாய்விட்டுப் படித்தேன். அவர் பெயர், அவர் அப்பா பெயர், மூன்று மா நஞ்சை. நான்கெல்லைக்கு வந்தேன். "கிழக்கே பாசன வாய்க்கால். மேற்படி வாய்க்காலிலிருந்து மடை வழியாக நீர் பாய்ச்சிக்கொள்ளும் உரிமை உள்பட" என்று படித்து, அடுத்த வரிக்குப் போனேன்.

"அந்த எடத்த இன்னொரு தடவ" என்றார்.

இன்னொரு தடவை படித்தேன்.